நீங்கதான்னு நெனச்சோம்

லயத்து வரிசை வீட்டு ஆட்களுக்கு டேக்வாண்டோவும் ஒன்றுதான், கராத்தேயும் ஒன்றுதான். கல்யாணம் முடித்த புருஷனும் பெண்சாதியும் விடியுமுன்னே, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் வெள்ளை உடுப்போடு நின்று காற்றை உதைத்தால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? மடுல்சீமைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. பிறகு பழகிப்போனது. ரஜீவும் ஜீவராணியும் உதைக்கும்போது போடும் "ஏய்ய்!" என்ற சத்தத்துக்குக் கியாப் என்று பேர். அது காதில் விழுந்தால் கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு திரும்பிப் படுப்பார்கள்.

அப்படித் திரும்பிப் படுத்ததுதான் வினையாகிப்போனது.

ஜீவராணியின் தங்கச்சி லதுஷா ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு, லயத்தின் கடைசி வீட்டில், அந்த ஒற்றை அறைக் காம்பிராவில், அக்காவோடு இருந்தாள். வாய்த்துடுக்கு. அக்கா பயிற்சி முடிந்து வாசலில் கால் வைத்தால் போதும், அகப்பையைத் தூக்கிக்கொண்டு "ஏய்ய்!" என்று பாய்வாள். போன மாரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதுளையில் அவர்களுக்கு டேக்வாண்டோ சொல்லிக்கொடுக்கும் இன்ஸாப் மாஸ்டர் விசேஷ வகுப்பு வைத்ததால் இருவரும் இருட்டோடு ஆட்டோவில் கிளம்பிப் போய்விட்டார்கள். போனது அக்கம்பக்கத்துக்குத் தெரியாது. விடிகிற நேரம் குசினிக்குப் பின்னால் இருந்த மண்மேடு, மரங்களோடு சரிந்து காம்பிராவை மூடியது. தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்ததில், லயம் அதை இடியென்று நினைத்தது. லதுஷா உடனே சாகவில்லை. விட்டு விட்டுக் கத்தியிருக்கிறாள்.

சாவு வீட்டில் ஜீவராணியைக் கட்டிக்கொண்டு அடுத்த காம்பிரா பாக்கியலெட்சுமிதான் அதைச் சொன்னாள்.

"நீங்கதான்னு நெனச்சோம்மா. மழையில கூட விட மாட்டேங்குதுகளேன்னு எங்க வீட்டு ஆளு சிரிச்சாரும்மா."

அன்றைக்குப் போனது ஜீவராணியின் சத்தம். பேச்சு வந்தது, அழுகை வந்தது. கியாப் மட்டும் தொண்டையைத் தாண்டவில்லை. லயத்தின் மறு முனைத் தொங்கலில் வேறு காம்பிரா கிடைத்தது. பதுளை மருந்துக்கடை வேலைக்கும் பழையபடி போனாள். ரஜீவ்தான் கையைப் பிடித்துத் திரும்பப் பெரட்டுக்களத்துக்கு இழுத்து வந்தான். கறுப்புப் பட்டியில் மூன்றாம் டான் பரீட்சைக்கு இருவரும் சேர்ந்தே போவதென்பது கல்யாணத்துக்கு முந்தியே பேசிக்கொண்டது.

இன்ஸாப் மாஸ்டர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "கால் நல்லாத்தான் போகுது தங்கச்சி. சத்தம் இல்லாட்டி பரீட்சை எடுக்கிறவங்க பாஸ் போட மாட்டாங்க."

"அவ போகாட்டி நானும் போகல மாஸ்டர்," என்றான் ரஜீவ்.

அந்தப் பெருந்தன்மை ஜீவராணிக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இந்த மனுசனால் எப்படிக் கத்த முடிகிறது? அவன் கத்தும்போதெல்லாம் சரிந்த மேட்டிலிருந்து இன்னொரு சத்தம், கொஞ்சம் பிந்தி, மெலிதாக வந்தது. அதைக் கேட்டாலே அவள் உதைப்பதை நிறுத்திவிடுவாள்.

"எதிரொலி, ராணி. முந்தி மரம் இருந்திச்சு, சத்தத்த வாங்கிக்கிச்சு. இப்ப மொட்டையா கெடக்கு, திருப்பி அனுப்புது."

"நீங்க கத்துனா பொம்பளக் கொரலாங்க திரும்பி வரும்?"

ரஜீவ் மேட்டுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு இடுப்புப் பட்டியை இறுக்கினான். அவனுக்கும் கேட்டிருக்கிறது என்பது அவளுக்கு அப்போது விளங்கியது.

பரீட்சைக்கு ஒரே ஒரு விடியல் மிச்சம் இருந்தது. இந்த ஒரு விடியலில் சத்தம் வராவிட்டால் இனி வராது என்று ஜீவராணி முடிவுகட்டினாள். ஆனால் மறுபடி யாரையும் ஏமாற்றப் பயம். அன்றைக்குப் பொழுது சாய, காம்பிரா காம்பிராவாகப் போய், இஸ்தோப்புத் திண்ணையில் நின்று சொன்னாள்: "நாளைக்கு விடிய நாங்கதாங்க கத்துவோம். பயந்துறாதீங்க." எல்லோரும் தலையாட்டினார்கள். பாக்கியலெட்சுமி மட்டும் சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

விடியலில் பனி முழங்கால் வரைக்கும் கிடந்தது. ரஜீவ் எதிரே பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜீவராணி சுழன்று உதைத்தாள். பலகை பிளந்தது. வயிற்றிலிருந்து கிளம்பி, தொண்டையைக் கிழித்துக்கொண்டு சத்தம் வந்தது.

"ஏய்ய்!"

அவளுடைய குரலில்லை. அகப்பையோடு பாய்ந்து வருபவளின் குரல். ஜீவராணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

லயத்தில் கதவுகள் படபடவென்று திறந்தன. ரஜீவின் சத்தத்துக்கு இத்தனை நாளும் அசையாத ஆட்கள், மண் தோண்டும் மம்பட்டியும் அலவாங்குமாகப் பெரட்டுக்களத்துக்கு ஓடி வந்தார்கள். சிலர் மேலுக்குச் சட்டைகூடப் போடவில்லை. முன்னால் வந்தவள் பாக்கியலெட்சுமி. தலை அவிழ்ந்து கிடந்தது. கையில் மம்பட்டி.

"அக்கா, நாந்தான்கா. நேத்தே வந்து சொன்னேனே, நாங்கதான்னு!"

"தெரியும்மா," என்றாள் பாக்கியலெட்சுமி. மூச்சு வாங்கியது. "அன்னைக்கும் தெரியும்னுதானே படுத்துக் கெடந்தோம்."

இத்தனை மாதமாக அந்த லயத்தில் யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை என்று, கதவோரமாய் வைத்துப் படுத்த அந்த மம்பட்டிகளைப் பார்த்தபோதுதான் ஜீவராணிக்கு உறைத்தது.

அப்போது மேட்டுப் பக்கமிருந்து அது வந்தது. பிந்தி, மெலிதாக. "ஏய்ய்."

எதிரொலி என்று சொல்ல ரஜீவ் வாயெடுத்தான். பாக்கியலெட்சுமி ஏற்கெனவே திரும்பி மேட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். அவள் பின்னால் முழு லயமும் ஓடியது. அங்கே தோண்டி எடுப்பதற்கு எதுவும் இல்லை என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளை உடுப்போடு ஜீவராணியும் ஓடினாள். அடைபட்டுக் கிடந்த சத்தம் இப்போது நிற்கவே இல்லை.

"வாறோம்டி, லதுஷா! இந்தா வந்துட்டோம்!"