ஒருவர் சொன்னதற்கு ஒரு தூண்

ஈப்போவில் பழைய மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த இசபெல்லாவின் தையல்கடை, 1972 ஜனவரியில் திறந்த நாள் முதல் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. ஒரு பக்கம் ஆ செங்கின் காப்பிக்கடை, மறுபக்கம் அடகுக்கடை. நடுவில் அவள் கடை இருந்தும், தெருவில் போகிறவர்களுக்கு இரண்டு சுவர்களும் ஒட்டிக்கொண்டிருப்பதாகத்தான் தோன்றியது. அந்த ஊரில் இது புதிதல்ல. எத்தனை பேர் வழி சொல்கிறார்களோ அந்த அளவுக்குத்தான் ஒரு கடை தெரியும். ஒருவர் சொன்னால் ஒரு தூண், நாலு பேர் சொன்னால் வாசல், ஊரே சொன்னால் கூரை. தெருக்களுக்குப் பெயர்ப்பலகை உண்டு, அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. இசபெல்லாவிடம் தைத்துக்கொண்டவர்கள் அவள் கைபிடித்து உள்ளே அழைத்துப்போன மாதா கோயில் பெண்கள் சிலர்தான். நல்ல தையல்காரியைப் பற்றி வெளியே மூச்சுவிட அவர்களுக்கு மனசு வரவில்லை.

அவளுக்கு ஒரே தங்கை, கெர்ட்ரூட். இருவரும் தாப்பாவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி வளர்ந்தவர்கள். கெர்ட்ரூட் அதே தோட்டத்து ராஜுவை மாரியம்மன் கோயிலில் வைத்துக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றபோது, கல்யாண ரவிக்கையைத் தைத்துத் தரமாட்டேன் என்று சொல்லி, துணியைப் பெட்டியில் போட்டுப் பூட்டிக்கொண்டு இசபெல்லா ஈப்போவுக்கு வந்துவிட்டாள். மறுவருஷம் தோட்டத்தை விற்றார்கள். எண்ணெய் எடுக்கும் செம்பனை வைப்பதற்காக, தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயங்களை இடித்தார்கள். போக்கிடம் இல்லாத தங்கை அக்காவைத் தேடி வந்தாள். ஜன்னல் வழியாக இசபெல்லா அவளைப் பார்த்தாள். கெர்ட்ரூட் கடையைத் தாண்டிப் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தாள். கூடப்பிறந்தவள் கண்ணுக்குமா கடை தெரியாது, வீம்பு பிடித்தவள், தானாக உள்ளே வரட்டும் என்று இசபெல்லா குனிந்த தலை நிமிராமல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது தங்கையைக் காணவில்லை.

ஆ செங் பிறகு வந்து சொன்னதில்தான் விஷயம் விளங்கியது. தையல்கடை எங்கே என்று அவள் கேட்டிருக்கிறாள். இதோ பக்கத்தில் என்று அவர் கை காட்டியிருக்கிறார். அவர் ஒருவர் சொன்னதற்கு வாசலின் பச்சைத் தூண் மட்டும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதில் சாய்ந்து கொஞ்ச நேரம் அழுதுவிட்டு பஸ் ஏறிவிட்டாளாம். மிஷின் சத்தத்தில் அழுகை உள்ளே கேட்கவில்லை. எந்த ஊர் பஸ் என்று ஆ செங் கவனிக்கவில்லை. இசபெல்லா தோட்டத்துக்கே போய்ப் பார்த்தாள், விசாரிக்கச் செம்பனைக் கன்றுகளைத் தவிர அங்கே யாரும் இல்லை. ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம் என்ற நினைப்பு அதற்குப் பிறகு அவளை விடவில்லை. தங்கை மறுபடி வந்தால் கடை அவள் கண்ணில் பட வேண்டும். இசபெல்லாவுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

டாக்சி ஸ்டாண்டில் ஆட்களைக் கூவி ஏற்றும் சீனி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். “அக்கா, நீங்க தைங்க. ஊரு வாயில பேர போடறது என் வேலைலா,” என்றான். வேலையில்லாத ஆட்களைப் பிடித்து பஸ் நிலையத்திலும் மார்க்கெட்டிலும் நிறுத்தினான். யார் எதைத் தேடி வந்தாலும் இசபெல்லா கடைக்கு அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. பல்வலிக்காரரும், ஆடு வாங்க வந்தவரும், பிரஜாவுரிமைக்கு மனு எழுத ஆள் தேடியவரும் ஒரே பதிலைக் கேட்டார்கள். கடை மளமளவென்று தெரிய ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் அதன் பெயர்ப்பலகை கிந்தா ஆற்றுப் பாலத்திலிருந்தே தெரிந்தது. அப்புறம் அளவு மீறியது. பல மைல் தள்ளி தைப்பிங் ஊரில் மழைக்கு ஒதுங்கியவர்கள் அவள் கடை வாசலில் நின்றதாகவும், நின்றும் நனைந்ததாகவும் சொன்னார்கள். உள்ளே நுழைந்தவர்களுக்கோ பல் பிடுங்கப்படவில்லை, ஆடும் கிடைக்கவில்லை. அந்தக் கடையை நம்பாதே என்று போகிற இடமெல்லாம் சொன்னார்கள். கூட்டத்தில் நாற்காலிகளைப் பறிகொடுத்த ஆ செங்கும் அவளைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டார். 1976 தீபாவளிக்கு முன், நல்ல வியாபார சமயத்தில், கடை மொத்தமாக மறைந்தது. சீனி வேறு தொழிலுக்குப் போய்விட்டான்.

பச்சைத் தூண் மட்டும் நின்றது. அது ஏன் நிற்கிறது என்று யாருக்கும் விளங்கவில்லை. நகராண்மைக் கழகத்திலிருந்து அதைப் பிடுங்க வந்தவர்கள், எதில் ஊன்றியிருக்கிறது என்று தெரியாமல் திரும்பினார்கள். தூணைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் ஓர் எட்டு வைத்தால் கடைக்குள் இருக்கலாம் என்று மாதா கோயில் பெண்கள் பழகிக்கொண்டார்கள். இசபெல்லா அவர்களுக்குத் தைத்தாள். வேறு எதையோ தேடிவந்து தூணில் முட்டிக்கொண்டவர்களுக்கு அது உண்மையில் எங்கே கிடைக்கும் என்று வழி சொன்னாள். காலையில் தூணைத் துடைத்துவிட்டுத்தான் மிஷினில் உட்காருவாள். இப்படியே வருஷங்கள் போயின.

1982-இல் நவமணி என்ற பெண் தூணைப் பிடித்துக்கொண்டு, தடுமாறாமல் உள்ளே வந்து, ரவிக்கைத் துணியை மேசைமேல் வைத்தாள். லூமுட் கடற்படை முகாமில் வேலை செய்பவரின் மனைவி. யார் வழி சொன்னது என்று இசபெல்லா கேட்டாள்.

“போட்டு ஜெட்டியில கருவாடு விக்கிற கெர்ட்ரூட் அக்காலா. போட்டுல இறங்குறவங்ககிட்ட எல்லாம் தன் கடைய சொல்ல மாட்டாங்க, உங்க கடையத்தான் சொல்வாங்க. ஈப்போ மார்க்கெட்டு பின்னால ஒரு பச்சைத் தூண் இருக்கு, அங்கதான் எங்க அக்கா இருக்கா, என் கண்ணுக்குத்தான் படலைன்னு.”

இத்தனை வருஷமும் தூண் நின்றது அந்த ஒருத்தி சொன்னதற்குத்தான். இசபெல்லா அழுதாள், வந்தவள் முன்னாலேயே அழுதாள். பிறகு பெட்டியைத் திறந்து, பூட்டி வைத்த கல்யாணத் துணியை எடுத்து, நினைவில் இருந்த அளவுக்கு ரவிக்கை தைத்துக்கொண்டு மறுநாள் லூமுட்டுக்கு பஸ் ஏறினாள்.

ஜெட்டியில் கருவாட்டுக்கடை எதுவும் இல்லை. டிக்கெட் கவுண்டருக்கும் ஐஸ் கொட்டகைக்கும் நடுவே ஒரு குடைக்கம்பு மட்டும் நின்றது. தங்கையின் கடையைப் பற்றிப் பேச நவமணி ஒருத்திதான் இருக்கிறாள் என்று அவளுக்குப் புரிந்தது. கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எந்தப் பக்கம் எட்டு வைப்பது என்று தெரியவில்லை.

“அக்கா, வெயில்ல நிக்காத. உள்ள வா.”

குரல் வந்த பக்கம் இசபெல்லா எட்டு வைத்தாள்.

ரவிக்கை தோளில் இறுக்கியது, அன்று சாயங்காலமே பிரித்துத் தைத்தார்கள். அதற்குப் பிறகு ஈப்போவில் கருவாடு கேட்டவர்கள் லூமுட்டுக்கும், லூமுட்டில் ரவிக்கை கேட்டவர்கள் ஈப்போவுக்கும் அனுப்பப்பட்டார்கள். போய்வந்தவர்களும் நாலு இடத்தில் சொன்னார்கள். இரண்டு கடைகளும் இப்போது ஜன்னல்வரை தெரிகின்றன. கூரை தெரியவில்லை என்று யாரும் குறை சொன்னதில்லை.