ஐந்தாவது ஆள்

டிசம்பர் கடைசியில் எங்கள் பத்திரிகையில் ‘இந்த ஆண்டு நடந்தவை’ என்று ஒரு முழுப்பக்கம் வரும். பக்கம் போடுகிறவன் நான். இந்த ஆண்டுக்கு ஒரு பக்கம் எந்த மூலைக்கு? மார்ச்சில் ஊர்வலம், துப்பாக்கிச் சூடு. மேயில் அதிபர் ஓட்டம். ஆகஸ்டில் தேர்தல். அக்டோபரில் புது ஆட்சி. பழைய ஆட்களில் பாதிப் பேர் சட்டையை மாற்றிக்கொண்டு அதிலும் உட்கார்ந்திருந்தார்கள்.

காலையிலேயே அக்கா அலுவலகத்துக்கு வந்துவிட்டாள்.

“இந்தத் தடவையாவது அவரு பேரு வருமாடா?”

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊர்வலத்துக்குப் போனவரில்லை, வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தவர். குண்டுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘விபத்து’ என்று எழுதிக் கையில் கொடுத்தார்கள். புது ஆட்சி வைத்த நினைவுக் கல்லில் நாலு பெயர்தான். அக்கா ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. “பேப்பர்லயே நாலு பேருன்னுதானேம்மா போட்டிருக்கு?” எங்கும் இதே பதில். எங்கள் பேப்பரில் அந்தச் செய்தியை எழுதிய நிருபரை ஒன்பது மாதமாக நான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று பக்கத்துக்காக, அவர் அனுப்பிய மூலச் செய்தியைக் கணினியில் திறந்தேன். கடைசி வரி இப்படி இருந்தது: ‘காயமடைந்த லிஃப்ட் மெக்கானிக் ஒருவரும் ஆஸ்பத்திரியில் இறந்தார்.’

அச்சில் அந்த வரி இல்லை. வெட்டியவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

அன்றைக்குக் கடைசி நேரத்தில் பற்பசை விளம்பரம் ஒன்று வந்தது. இடம் போதாவிட்டால் செய்தியை அடியிலிருந்து வெட்டுவது எங்கள் வழக்கம். வெட்டுவதைப் படித்துக்கொண்டிருக்க மாட்டோம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் தகவல் வந்ததே மறுநாள்தான்.

பக்கத்தில் மார்ச் மாதத்துக்கு நேரே ‘ஐந்து பேர்’ என்று அடித்து, அத்தான் பெயரையும் சேர்த்து, மூலச் செய்தியோடு ஆசிரியரிடம் கொண்டுபோனேன்.

“நாலுன்னுதானே போட்டோம்? ஆதாரம்?”

“நான் வெட்டினதுதான் சார் ஆதாரம்.”

மூலச் செய்தியைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “திருத்தம் போடணும். யாரு தப்புன்னும் எழுதணும்.”

“எழுதிட்டேன் சார். அடியில இருக்கு.”

வரவேற்பறையில் அக்காவிடம் தாளை நீட்டினேன். அத்தான் பெயரைத் தடவித் தடவிப் படித்தாள். பிறகு அடியிலிருந்த திருத்தத்துக்கு வந்தாள்.

“நீயாடா?”

“நான்தான்க்கா. படிக்காமலே வெட்டிட்டேன்.”

சொல்லும்போதே நான் அழுதுவிட்டேன். தாளைத் திருப்பிக் கொடுத்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

“இதைக் கடைசியில போடாதடா,” என்றாள். “மறுபடி யாராவது வெட்டிடுவாங்க.”