ஒரே அக்கா, இரண்டு பயணிகள்

அரசுப் பணத்தை அதிகம் விழுங்குவது பஸ்ஸா, ரயிலா? ஒரே வரியில் பதில் வேண்டுமென்று மேலிடம் கேட்டது. எது அதிகம் விழுங்குகிறதோ அதன் அதிகாலைச் சேவையை நிறுத்திவிடுவார்களாம். போக்குவரத்துத் துறையில் இந்தக் கணக்கெல்லாம் என் தலையில்தான் விடியும்.

ரயில் செலவில் தண்டவாளமும் சேரும். பஸ் செலவில் சாலை சேராது; அது வேறு துறையின் தலைவலி. சாலையைச் சேர்த்தால் பஸ் மாட்டிக்கொள்கிறது, விட்டால் ரயில் மாட்டிக்கொள்கிறது. எது சரி என்று யாரைக் கேட்டாலும் உதட்டைப் பிதுக்கினார்கள். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

வீட்டில் அக்கா வேறு. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு விடியற்காலை வேலை. தெருமுனையில் பஸ் ஏறி, ஸ்டேஷனில் ரயிலுக்கு மாறுவாள். இன்னொரு தடவை தாமதமானால் வேலை இல்லை என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

"எதுடா நிக்கப்போகுது?"

"தெரியலக்கா. கணக்கு இடிக்குது."

"எது நின்னாலும் எனக்கு ஆபத்துதானே? உன் கணக்குல நான் எங்க இருக்கேன்?"

தேடினேன். எங்கள் துறையில் ஒரு டிக்கெட் என்றால் ஓர் ஆள். பஸ்ஸில் ஒருத்தி, ரயிலில் இன்னொருத்தி.

"ரெண்டு பேரா இருக்கக்கா."

"அப்ப ரெண்டு சம்பளம் குடுக்கச் சொல்லு."

மறுநாள் அதிகாரியிடம் போய் நின்றேன். "சார், பஸ்ல வர்றவங்கதான் ரயில்லயும் போறாங்க."

"குழப்பாதீங்க. பஸ்ஸா, ரயிலா?"

சாலை நம் துறை இல்லையே, அதனால் பஸ்தான் சிக்கனம் என்று அவரே எழுதி அனுப்பிவிட்டார்.

அதிகாலை ரயில் நின்றது. மிச்சமான பணத்தில் எங்கள் தெருவுக்குக் கூடுதல் பஸ் விட்டார்கள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "இத்தன பஸ் விடுறாங்கன்னா ஆஸ்பத்திரி வரைக்கும் போகும்டா," என்றாள். போகத்தானே வேண்டும் என்று நானும் நம்பினேன். முதல் நாள் துணைக்குப் போனேன்.

பஸ் புத்தம்புதிது. ஸ்டேஷன் வாசலில் நின்றது. கேட் பூட்டியிருந்தது.

"கடைசி ஸ்டாப், இறங்குங்க," என்றார் டிரைவர்.

"ஆஸ்பத்திரிக்குப் போகாதா?" என்றாள் அக்கா.

"அதுக்கு ரயில்ல போகணும்மா," என்றார் அவர், பொறுமையாக.