முறுக்குப் பேணி

வரதராஜாவின் விலை ஒன்பதாயிரத்து இருநூறு டொலர் என்றான், ஈமச்சேவை நடத்தும் கௌரிசங்கர். சாப்பாட்டு மேசையில் சவப்பெட்டிப் படங்களைப் பரப்பியிருந்தான்.

"ஏழுக்கு முடி," என்றாள் சிவனேஸ்வரி.

"அன்ரி, இதென்ன ஸ்பிரிங்வேல் மீன்கடையே?"

"மீன்காரன் நாளைக்குப் பழுதாகுமெண்டு குறைப்பான். நீ ஐஸுக்கும் சேர்த்தெல்லோ கேக்கிறாய்."

ஏழாயிரத்து எண்ணூறில் நின்றது. நேற்று விடிய நெஞ்சைப் பிடித்தபடி செத்துப்போன அவளுடைய மனிதர் வரதராஜா என்றால், கேட்டதைக் கொடுத்து நன்றியும் சொல்லியிருப்பார்.

மணி அடித்தது. மகள் வினுஷா எட்டிப் பார்த்தாள். "அம்மா, மிச்சிகோ இஸ் ஹியர்."

சிவனேஸ்வரி உடனே எழும்பவில்லை.

பக்கத்து வீட்டு ஜப்பான்காரி. தனிக்கட்டை. குடிவந்த அன்றே நீலத் துணியில் கேக் கட்டிக்கொண்டு வந்தவள். துணியை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது சரியில்லை என்று சிவனேஸ்வரிதான் எவர்சில்வர் பேணி நிறைய முறுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டாள். பேணி பேரிக்காயோடு திரும்பி வந்தது. பிறகு இரண்டு பக்கமும் நிறுத்தத் தெரியவில்லை.

முதல் போட்டுப் பொரித்தவள் இவள். கொண்டுபோய்க் கொடுத்துப் பெயர் வாங்கியவர் வரதராஜா. போகுமுன் சவரம், அயர்ன் பண்ணிய சேட்டு. "ரெண்டு கையாலயும்தான் குடுக்கோணும். அது அவையின்ர முறை" என்று கண்ணாடி முன்னால் பேணியோடு குனிந்து பழகுவார். இவளுக்கு ரிமோட்டைக்கூட எறிந்துதான் கொடுப்பார்.

"நீயும் வாவன்," என்பார்.

"உங்கட சிநேகிதி. எனக்கென்ன அங்க வேலை?"

அவர் போனால் இங்கே அவருக்கு ஊற்றிய தேத்தண்ணி ஆறிவிடும். வேலிக்கு மேலால் சிரிப்பு மட்டும் கேட்கும். எந்தக் கதிரையில் இருக்கிறாரோ என்று குசினிக்குள் நின்று அவள் வேகுவாள்.

மிச்சிகோ கறுப்பு உடுத்து வாசலில் நின்றாள். இரண்டு கையிலும் நீலத் துணி சுற்றிய பேணி. கண் வீங்கியிருந்தது. எந்த உரிமையில் அழுதாள்?

"சின்னப் பொருள்தான்," என்றாள் மிச்சிகோ. இருவரின் ஆங்கிலமும் ஒரே அளவு நொண்டி, அதனால் விளங்கியது. "எங்கள் முறைப்படி வாசலில் தரக்கூடாது. உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் தர வேண்டும். உங்கள் கணவர் எப்போதும் வாசலில்தான் தந்தார்."

"உள்ளுக்கு வாறேல்லையோ?"

"ஒருநாளும் இல்லை. தேநீர் வைத்துக் கூப்பிடுவேன். 'செய்தவள் வீட்டில் இருக்கிறாள். அவளோடு வருகிறேன்' என்பார். படியில் நின்றே உங்கள் கதை. மீன்கடையில் நீங்கள் விலை பேசுவதை நடித்துக் காட்டுவார்."

சிவனேஸ்வரி கையை முந்தானையில் துடைத்தாள்.

"உள்ளுக்கு வாங்கோ."

மிச்சிகோ சப்பாத்தைக் கழற்றி, முனை தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். உள்ளே வரதராஜாவின் கதிரைதான் காலியாக இருந்தது. அதில் சிவனேஸ்வரி வேறு யாரையும் இருக்கவிட்டதில்லை.

"இருங்கோ," என்றாள்.

இருந்த பிறகுதான் மிச்சிகோ பேணியை நீட்டினாள். சிவனேஸ்வரி இரண்டு கையாலும் வாங்கினாள். வழக்கமாகத் துணிக்கட்டைப் பிய்த்து எறிபவள், இன்றைக்கு முடிச்சைத் தொடவில்லை.

மிச்சிகோ போனபின் கௌரிசங்கர் தாளை நகர்த்தினான். "அன்ரி, கணக்குச் சரிதானே?"

"உன்ர கணக்குச் சரி."

தாளுக்குப் பக்கத்தில் நீலக் கட்டு அப்படியே இருந்தது. முப்பத்தோராம் நாள் கிரியை கழியும்வரை சாவீட்டிலிருந்து எதுவும் வெளியே கொடுக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்கு ஒரு பேணி முறுக்கு, அவரோடு போயிருக்கவேண்டிய ஒரு தேத்தண்ணி நேரம்.

நிலுவை.