கேபிள் இணைக்கப்படவில்லை

அந்த மாடியறையில் இருந்தவர்கள்: நாற்காலியில் அருள்பாண்டி. கட்டிலில் அவன் தாய்மாமன் காளை, உசிலம்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர். கதவில் சாய்ந்தபடி அண்ணன் அழகுபாண்டி, கடை திறக்க நேரமாகியும் போகாமல். அண்ணன் மனைவி சுபலட்சுமி, காபித் தம்ளர்களோடு வருவதும் போவதுமாக. மேசைக்கு அடியில் கம்ப்யூட்டர், முகப்பில் நேற்றைய சந்தனமும் குங்குமமும் காய்ந்து.

அருள்பாண்டி சென்னையில் ஒரு கால் சென்டரில் இரவு ஷிஃப்ட் பார்த்தவன். ஒரு விடியலில் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பி வந்துவிட்டான். ஏன் என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. அதன்பிறகு காளவாசலில் அண்ணன் வீட்டு மாடியில் சோறு, தூக்கம், கம்ப்யூட்டர். இப்போது வீட்டிலிருந்தே பார்க்கும் பகல் வேலை ஒன்று கிடைத்திருந்தது. இன்று பதினொரு மணிக்குப் பயிற்சி. பெயர் வாசிக்கும்போது இணைப்பில் இல்லாதவர் நீக்கப்படுவார். மொபைல் இணையம் கூடாது, வயர்தான். இதுவும் போனால் அறையைக் காலி செய்துவிட்டுக் காளையின் தீவனக் குடோனுக்கு ராக்காவல். அண்ணன் பேசி முடித்துவிட்டார். காளை வந்திருப்பது அதற்குத்தான். விஜயதசமிக்கு வந்ததாகச் சொல்லிக்கொண்டார்.

அந்த ஒரு பெட்டிக்குள் மூன்று குடித்தனம். கம்பெனி கேட்ட விண்டோஸ், அவனுக்குப் பிடித்த லினக்ஸ், அண்ணனின் பில் போடும் பழைய விண்டோஸ். ஆன் செய்ததும் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். நேற்று அவன் குளிக்கப் போன நேரத்தில் விண்டோஸ் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது. அணைக்க வேண்டாம் என்று திரையிலேயே போட்டிருந்தது. ஆயுத பூஜைக்கு நல்ல நேரம் முடிகிறதென்று அழகுபாண்டி சுவர் சுவிட்சைத் தட்டிவிட்டார். பூஜையில் வைத்த பொருள் ஓடக்கூடாது, மறுநாள்வரை தொடவும் கூடாது.

காலையில் பட்டியல் வரவில்லை. விண்டோஸ் தன்னைத்தானே சரிசெய்கிறேன் என்று சொல்லிச் சொல்லிச் சுற்றி வந்தது. அருள்பாண்டி பதறவில்லை. எதை முதலில் எழுப்ப வேண்டும் என்ற வரிசையை மாற்றினான், பட்டியல் வந்தது. அரைகுறை அப்டேட்டைப் பின்வாங்க வைத்தான், விண்டோஸ் எழுந்தது.

“பரவால்லையே மாப்ள, செத்தத எந்திரிக்க வச்சுட்டியே” என்றார் காளை.

ஆனால் இணையம் இல்லை. நெட்வொர்க் கேபிள் இணைக்கப்படவில்லை என்று ஒரு வரி. அருள்பாண்டி குனிந்து பார்த்தான். கேபிள் மாட்டித்தான் இருந்தது.

விண்டோஸ் சில சமயம் கேபிள் செருகும் நெட்வொர்க் கார்டைத் தூங்க வைத்துவிட்டு எழுப்ப மறந்துவிடும். அந்த வசதியை அணைத்துவிட்டு லினக்ஸுக்குப் போனான். அதே வரி. கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை நீக்கித் திரும்பப் போட்டான். அதே வரி. அண்ணனின் பழைய விண்டோஸையும் எழுப்பினான். அதுவும் அதையே சொன்னது.

“வயரு மாட்டலன்னுதான மாப்ள சொல்லுது?”

“மாட்டித்தேன் இருக்கு மாமா. கண்ணு தெரியலையா?”

“எனக்கென்ன தெரியும். மூணும் ஒண்ணையே சொல்லுதேன்னு கேட்டேன்.”

“நான் சுவிச்ச அமத்துனதுதேன் குத்தமா?” என்றார் அழகுபாண்டி. “ஊரே அமத்துது. எவன் கம்ப்யூட்டரு கெட்டுச்சு?”

சென்னையில் கம்ப்யூட்டர் கோளாறென்று போன் செய்பவர்களுக்கு அருள்பாண்டி வாசித்த தாளில் முதல் வரியே அதுதான்: கேபிளைக் கழற்றி மறுபடி மாட்டிப் பாருங்கள். முகம் தெரியாத எத்தனையோ பேருக்கு அதை வாசித்திருக்கிறான். வாசிக்கும்போதெல்லாம் கேட்பவனை மடையன் என்று நினைத்திருக்கிறான். தனக்கே அதைச் சொல்லிக்கொள்ள மனம் வரவில்லை. கார்டின் அமைப்புகளைத் திறந்து ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தான்.

சுபலட்சுமி தம்ளரை எடுக்கக் குனிந்தவள் சொன்னாள்: “தம்பி, நேத்து வயர உருவிட்டுத்தேன் தொடச்சேன். திருப்பிச் சரியா மாட்டிட்டேன்ல?”

“மாட்டிருக்கு மதினி.”

“பின்னாடி அந்த ஓட்டை கண்ணாட்டம் இருந்துச்சு. அதுக்கும் ஒரு பொட்டு வச்சேன்.”

அவன் கேபிளை உருவினான். முனை மஞ்சளாக வந்தது. ஓட்டைக்குள் சந்தனம் காய்ந்து, உள்ளிருந்த கம்பிகளில் அப்பியிருந்தது. பல்குச்சியால் சுரண்டி, பழைய பிரஷ்ஷால் தேய்த்து மாட்டினான். பச்சை விளக்கு மினுக்கியது.

பதினொன்று எப்போதோ தாண்டியிருந்தது. கம்பெனிப் பக்கம் உடனே திறந்தது. உங்கள் அனுமதி ரத்து செய்யப்பட்டுள்ளது என்று சொல்லத்தான் திறந்தது. போன் செய்தான். ஒரு பெண் குரல் எதையோ பார்த்து வாசித்தது: சிரமத்திற்கு வருந்துகிறோம். அடுத்த வரி அவனுக்குத் தெரியும்.

“வேறு ஏதாவது உதவி வேண்டுமா சார்?”

“வேண்டாம்.”

சுபலட்சுமி தம்ளரைப் பிடித்தபடி நின்றாள். “சாமிக்குன்னுதேன் தம்பி வச்சேன்.”

“நீங்க என்ன செய்வீங்க மதினி. காலையிலேயே உருவிப் பாத்துருக்கணும். நாந்தேன் பாக்கல.”

காளை எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். “குடோன்ல ஃபேன் இருக்கு மாப்ள. கொசுதேன் கொஞ்சம் சாஸ்தி.”

“ராத்திரி முழிக்கப் பழகுனவந்தான” என்றார் அழகுபாண்டி. குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் அருள்பாண்டிக்குத் தாங்கவில்லை.

இரண்டு சட்டை, ஒரு கைலி, சார்ஜர். பையை மூட அதிக நேரம் ஆகவில்லை. கம்ப்யூட்டரை அவன் அணைக்கவில்லை. மேசைக்கு அடியில் பச்சை விளக்கு விடாமல் மினுக்கிக்கொண்டிருந்தது, பார்க்க ஆளில்லாமல்.

“வாரேன்ணே.”

அழகுபாண்டி தலையை மட்டும் ஆட்டினார். அருள்பாண்டி மூன்றாவது படியில் இறங்கும்போது பின்னால் கதவு சாத்தப்பட்டது. கொண்டி விழுந்தது, பூட்டில் சாவி திரும்பியது.