கடல் தெரியாத அறை

"அங்க போயி என்னத்தச் சாப்புடறது?" என்று தாஜுதீன் கேட்டதும் ஜுலைகா அடுப்பைத் தணித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. மறுப்பதற்கு அவருக்கு ஒரு சொல் போதும் என்பது அவளுக்குத் தெரியும். கேள்வி கேட்கிறார் என்றால் அந்த இடத்தில் தன்னை ஒருமுறை உட்காரவைத்துப் பார்த்துவிட்டார் என்று அர்த்தம். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவள் அவரைப் படித்து வைத்திருந்தது அவ்வளவுதான்.

பாலித் தீவைச் சொன்னது மகள். ஷமீமா ரகுவை ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த் என்ற ஊருக்குப் போய்விட்டாள். கம்ப்யூட்டர் படித்தவர்களை எல்லாம் ஏதாவது ஒரு தேசம் கூப்பிட்டுக்கொண்டிருந்த சமயம் அது. நீலசந்திராவில் இந்த வீட்டு வாசலை அவள் மிதிக்கக் கூடாது என்பது தாஜுதீனின் சொல். அவள் வீட்டு வாசலை அவர் மிதிப்பது பற்றிப் பேச்சே இல்லை. ஒரே பிள்ளை.

"ஒங்க வீடும் வேணாம், எங்க வீடும் வேணாம். நடுவுல ஒரு எடம் இருக்கும்மா," என்றாள் ஷமீமா போனில். "எங்களுக்குக் கிட்டத்துல. நீங்க சிங்கப்பூர்ல மாறி வரணும். ஜமாஅத்து ஆளுங்க ஒருத்தர் கண்ணுலயும் படாது. ஒரே ஒரு வாரம். அத்தாகிட்ட டூர்னு சொல்லேன்."

"டூர்னு சொன்னா ஒங்கத்தா ஊட்டியே தாண்ட மாட்டாரு."

"நீ சொல்றபடி சொன்னா தாண்டுவாரு."

ஜுலைகா எதையும் மறைக்கவில்லை. அங்கே ஷமீமாவும் அவள் கணவனும் வருவார்கள் என்று நேராகவே சொன்னாள். அதற்குத்தான் அவர் சாப்பாட்டைக் கேட்டார்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவின் முன்னறையில் இருந்தது டிராவல் ஆபீஸ். தமயந்தி என்ற பெண் அங்கே போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே மூன்று பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். ஹலால் சாப்பாடு கிடைக்கிற இடமாக வேண்டும் என்று கேட்டபோது அவள் சிரிக்கவில்லை. அதற்காகவே ஜுலைகாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

"ஹோட்டல்காரனுக்கு 'நோ போர்க்'னு ஃபேக்ஸ் அனுப்பினேன்க்கா. 'நோ ப்ராப்ளம்'னு பதில் போட்டிருக்கான். பன்னிக்கறி போடுவானா, போட மாட்டானா, ஒண்ணும் விளங்கல."

தாஜுதீனிடம் சொன்னபோது, "பன்னி இல்லேன்னா ஹலாலாயிடுமா? கோழிய அறுத்தது யாரு?" என்று கேட்டார்.

மறுபடி ரிச்சர்ட்ஸ் டவுன். பக்கத்துத் தீவிலிருந்து வந்து குடியேறிய ஒரு முஸ்லிம் குடும்பம் நாலைந்து குடில்கள் வைத்து நடத்துகிறது என்று தமயந்தி கண்டுபிடித்தாள். வீட்டுக்கார அம்மாளே சமைப்பாளாம். கறி எங்கே வாங்குகிறாள் என்பதுவரை விசாரித்தாயிற்று. ஜுலைகா அந்த ஃபேக்ஸ் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினாள். வேறொரு தேசத்தில் யாரோ ஒருத்தி தனக்காகக் கோழி வாங்கப் போகிறாள் என்பது நம்ப முடியாததாக இருந்தது.

அடுத்த கேள்வி, தொழுவதற்கு எந்தத் திசை என்பது.

"நாம தொழற அதே திசைதானாம். மேற்கு, கொஞ்சம் வடக்கால."

"வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பள்ளிவாசல் உண்டா?"

"நடந்து போற தூரத்துல இருக்காம்."

"இமாம் இருக்காரா, சும்மா கட்டடம் மட்டுமா?"

அதையும் கேட்டுச் சொன்னாள். தன்னை அறியாமல் அந்தத் தீவுக்கு அவள் வக்கீலாகிவிட்டிருந்தாள். அவர் எழுப்பும் ஒவ்வொரு ஆட்சேபத்தையும் துடைத்து எடுக்கும்போது அடியில் மகளின் முகம் கொஞ்சம் தெரிவதுபோல இருந்தது. துணி மடிக்கும்போது, கீரை ஆயும்போது, அந்தக் குடிலின் சாப்பாட்டு மேசையை மனதில் போட்டுப் பார்ப்பாள். அப்பாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மீன் சட்டியை நகர்த்திக்கொள்கிறார்கள். பேச வேண்டாம், நகர்த்தினால் போதும். ஒரு தடவை அப்படிப் போட்டுப் பார்த்தபோது மேசையில் மூன்று தட்டுகள்தான் இருந்தன. திடுக்கிட்டு நாலாவதை வைத்தாள். ரகுவை ஒரே ஒரு முறை, காலேஜ் வாசலில், ஹெல்மெட்டோடு பார்த்திருக்கிறாள். அதனால்தான் முகம் வரவில்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

கடற்கரைதான் கஷ்டமாக இருந்தது. டிவியில் எப்போதோ பார்த்ததை வைத்து, "அரையும் கொறையுமா வெள்ளைக்காரி கெடப்பா. நான் கண்ண எங்க வெச்சுக்கறது?" என்றார் தாஜுதீன்.

தமயந்தியிடம் இதைச் சொல்ல ஜுலைகாவுக்குக் கூச்சமாக இருந்தது. சுற்றி வளைத்துச் சொன்னாள்.

"புரிஞ்சதுக்கா. வயல் பக்கமா பார்த்த குடில் ஒண்ணு இருக்கு. ஜன்னலத் தொறந்தா நெல்லு, தென்னமரம். கடலே கண்ணுல படாது." தமயந்தி போனைக் கீழே வைத்துவிட்டு இந்தமுறை நிஜமாகவே சிரித்தாள். "கடல் தெரியற ரூமுக்குத்தான்கா எல்லாரும் சண்ட போடுவாங்க. அலை மேல பலகை ஓட்டறதுக்குன்னே உலகம் பூராவுலேர்ந்தும் அங்க போறான். தெரியவே கூடாதுன்னு கேட்ட மொத பார்ட்டி நீங்கதான்."

ஜுலைகாவும் சிரித்தாள். சிரிப்பு பஸ் ஸ்டாப்வரை கூட வந்தது.

ஷமீமா அந்தத் தீவைத் தேர்ந்தெடுத்ததற்கு அலையும் ஒரு காரணம். பெர்த்தில் அவள் ஒரு பலகையின்மேல் நின்று அலையில் வரப் பழகிக்கொண்டிருந்தாள். "விழுந்துக்கிட்டே இருக்கேம்மா. ரகு பத்து எண்ணறதுக்குள்ள விழுந்துருவேன்."

"என்னத்தடி உடுத்திக்கிட்டு விழற?"

"கழுத்துலேர்ந்து காலு வரைக்கும் ரப்பர் சட்ட. ஒம் புர்காவவிட டைட்டு, அவ்ளோதான்."

"சீ, கழுத," என்றாள் ஜுலைகா. வாய்க்குள் சிரிப்பு. மகளை ஒருநாள் தண்ணீரில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்தது. தாஜுதீன் மத்தியானம் தூங்கும்போது போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

அட்வான்ஸ் கட்ட வேண்டிய வாரம் வந்தது. தார்ப்பாய்க் கடையிலிருந்து வந்து குளித்துவிட்டு, அசர் தொழுதுவிட்டு, அவர் டீக்குக் காத்திருந்தார். ஜுலைகா டம்ளரை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். இனிக் கேட்பதற்கு அவரிடம் ஒன்றுமில்லை என்று நினைத்தாள்.

"அந்த ரெண்டு பேரும் எங்க படுப்பாங்க?" என்றார்.

கோபமில்லை குரலில். சாப்பாட்டைக் கேட்ட அதே குரல்தான்.

"அவங்களுக்குத் தனியா ஒரு குடில்..."

"அது சரியா?"

டம்ளரின் அடியில் சிந்தியிருந்த டீயை அவள் முந்தானையால் துடைத்தாள்.

"நிக்காஹ் ஆகல. கவர்ன்மெண்ட்டு பேப்பர் கவர்ன்மெண்ட்டுக்கு. தெரிஞ்சே பக்கத்து ரூம்ல வெச்சுக்கிட்டு நான் எப்படித் தொழுவேன்?"

"நீங்க மொதல்லயே இதச் சொல்லியிருக்கலாம்," என்றாள். அவளுக்கே கேட்காத அளவுக்குச் சின்னதாக வந்தது குரல். "கோழி யார் அறுத்ததுன்னு எதுக்குக் கேட்டீங்க?"

"நான் வரணும்னுதான் கேட்டேன்." தாஜுதீன் டம்ளரை நகர்த்தி வைத்தார். கண்கள் கலங்கியிருந்ததை அவள் பார்த்தாள். பார்த்திருக்க வேண்டாம் என்று தோன்றியது. "நம்ம பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கிட்டப் பேசிட்டேன். வழி இருக்கு ஜுலைகா. அந்தப் பையன் கலிமா சொல்லி நம்ம மார்க்கத்துக்கு வரட்டும். அங்கயே, நீ சொன்னியே அந்தப் பள்ளிவாசல்ல, அந்த இமாமையே வெச்சு நிக்காஹ் பண்ணிடலாம். கூட்டம் வேணாம். அதுக்கப்புறம் என் வீட்டுக் கதவு அவளுக்குத் தொறந்துதான் இருக்கும். நானே ஏர்போர்ட்டுக்குப் போயிக் கூட்டிக்கிட்டு வருவேன்."

ஆக, அவரும் திட்டம் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவள் போட்ட அதே பாதையில், அவள் துடைத்துக் கொடுத்த ஒவ்வொரு படியிலும் கால் வைத்து, வேறொரு இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். அவர் கல்லாக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கல்லைத் திட்டலாம். இந்த மனிதரை என்ன செய்வது?

மறுநாள் மத்தியானம் ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போனாள். கண்ணாடிக் கூண்டுக்குள் புழுக்கமாக இருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது மகளின் "அம்மா" என்ற குரலில் கலைந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அத்தா கண் கலங்கியதையும் சொன்னாள்.



"ரெண்டு பேரும் தனித்தனியா இருக்கோம்மா. நான் ஒங்கூடப் படுத்துக்கறேன். அவரு வேற ஹோட்டல்ல இருக்கட்டும்."

"அதையும் கேட்டுப் பார்த்துட்டேன். ஒரு வாரம் தனியாப் படுக்கறதப் பத்தி இல்லங்கறாரு."

"சரி."

"ரகுகிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாரேன்."

"கேக்க மாட்டேன்."

"கேட்டா என்னடி? கோவிச்சுக்குவாரா?"

"இல்லம்மா. சரின்னு சொல்லிடுவாரு. நான் அழுதுருவேன்னு பயந்து, யோசிக்காமக்கூட சரின்னுருவாரு. அதுக்காகத்தான் கேக்க மாட்டேன்." பிறகு, வேறு குரலில், "அம்மா, நீயும் அதத்தானே நெனைக்கற?" என்றாள்.

இல்லை என்று சொல்ல ஜுலைகா வாயைத் திறந்தாள். நேற்று அவர் அந்த வழியைச் சொன்ன நொடியில் தன் உள்ளே என்ன நடந்தது என்பது அவளுக்கு இப்போது தெளிவாகத் தெரிந்தது. துக்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது சந்தோஷம். ஆமாம், அப்படியே நடந்துவிடட்டும், எல்லாம் சரியாகிவிடும் என்று குதித்த ஒரு சந்தோஷம். அது யாரையும் கேட்டுக்கொண்டு வரவில்லை. மகளுக்காக அவள் எத்தனையோ நாள் அழுதிருக்கிறாள். அந்த அழுகைக்கு அடியில், தனக்கே தெரியாமல், அவளும் அந்தப் பையன் வேறு ஒருவனாக ஆகிவிடக் காத்திருந்திருக்கிறாள்.

"இல்லடி," என்றாள்.

பதில் பிந்திவிட்டது. எவ்வளவு பிந்தியது என்பது மகளுக்குத் தெரிந்துவிட்டது.

"பரவால்லம்மா," என்றாள் ஷமீமா. ரொம்ப மரியாதையாக, யாரோ ஒரு பெரியவளிடம் சொல்வதுபோல. "ஒடம்பப் பாத்துக்க. வெக்கறேன்."

பூத்துக்காரர் பில்லை நீட்டினார். பணம் கொடுத்தது, சாலையைக் கடந்தது எதுவும் அவள் நினைவில் நிற்கவில்லை. இனி இந்த மகள் கூப்பிடுவாள். பெருநாளுக்குக் கூப்பிடுவாள், உடம்பை விசாரிப்பாள். ரப்பர் சட்டையைப் பற்றி, விழுவதைப் பற்றிச் சொல்ல மாட்டாள். வாசலை மூடியது அவர்தான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தோமே என்று நடந்துகொண்டே நினைத்தாள். மகள் தன்னிடமாவது வந்துகொண்டிருந்தாள். இனி அதுவும் இல்லை.

தாஜுதீன் அன்று கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்திருந்தார். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள், "என்ன சொன்னா?" என்று கேட்டார். எழுந்து நின்றுகொண்டு கேட்டார்.

சொல்லிவிடலாம். சொன்னால் பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். இந்த வீட்டில் அப்புறம் இரண்டு பேர் உட்கார்ந்து ஒன்றுமில்லாததைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவளுக்கு அதற்குத் தெம்பு இல்லை.

"யோசிச்சுச் சொல்றேன்னா," என்றாள்.

"யோசிக்கட்டும், யோசிக்கட்டும். சட்டுனு சொல்ற விஷயமா?" அவர் அவசரமாகத் தலையாட்டினார். அவள் பின்னாலேயே சமையற்கட்டுவரை வந்தார். அப்படி வருகிற வழக்கம் அவருக்கு இல்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் பையனுக்குப் பேரு ஒண்ணு வெக்கணுமில்ல," என்றார். "எங்கத்தா பேர யாருக்கும் வெக்கக் கொடுத்துவெக்கல. மீரான். அவனுக்கு வெச்சா என்ன?"

ஜுலைகா அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள். தண்ணீரை வடித்தாள். இன்னொரு தண்ணீர் விட்டாள்.

"வெக்கலாம்," என்றாள்.