முதல் கயிறு

மெய்ரி பச்சை மருந்தை ஒரே மடக்கில் விழுங்கி, தண்ணீர் குடித்து, கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினாள். அதன் பிறகு ஏதாவது பேச வேண்டும். மருந்தை வாய்க்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு யாராலும் பேச முடியாது. அதனால்தான் அந்த விதி.

"எத்தனை மணிக்கு அடக்கம்?" என்று கேட்டார் மருந்துக்கடை நோரா.

"பத்துக்கு."

"உங்கம்மா இல்லாம இந்த பெஞ்சைப் பார்க்கவே நல்லால்ல."

மெய்ரி ஹெராயினை விட்டு இந்த மருந்துக்கு மாறிய எட்டு மாதமும் அம்மா ஐலீன் தினமும் அந்த பெஞ்சில் காத்திருந்தாள், போன வாரம் தூக்கத்திலேயே இதயம் நின்றுபோகும் வரை. காரணம் இருந்தது. மருந்து இந்தக் கடையில், காலை ஒன்பதுக்குத்தான். மெய்ரி தங்கியிருக்கும் பெண்கள் காப்பகம் எங்கே என்று தெரியாத கணவனுக்கும், ஒன்பது மணிக்கு அவள் எங்கே இருப்பாள் என்று தெரியும். கோர்ட் தடை போட்டும் இரண்டு முறை எதிர்ப்பக்கம் வந்து நின்றான். அம்மா பின்னல் ஊசிகளோடு வாசலுக்குப் போய், அவனையே பார்த்தபடி, அவன் போகும்வரை பின்னிக்கொண்டு நின்றாள்.

வெளியே காரில் காத்திருந்த காப்பக ஊழியர் ஜானெட் கேட்டார்: "நாளைக்கு யாரு கூட வருவா? என்னால வாரத்துல ரெண்டு நாள்தான் முடியும். மூணு நாள் விட்டா மருந்தை நிறுத்திடுவாங்க."

"பார்க்கலாம்."

"உன் தம்பி?"

"கிரேக்கா? நான் இதைக் குடிக்கிறதப் பார்க்க அவனால முடியாது. ஒரு நாள்கூட வந்ததில்ல."

கல்லறைத் தோட்டத்தில் கிரேக் சீட்டுகளைக் கொடுத்துக்கொண்டிருந்தான். டண்டி ஊரில் சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்குவது சொந்தக்காரர்கள்தான். எட்டுக் கயிறு, எட்டுப் பேர், ஆளுக்கு ஓர் எண். ஒன்றாம் எண் தலைமாடு. வழக்கமாக அது மகனுக்கு. மெய்ரியின் சீட்டில் ஒன்று என்றிருந்தது.

"மாத்திக் குடுத்துட்டே."

"அம்மாவே எழுதி வச்சதுதான், அக்கா. மாத்தலாமான்னு நானும் நெனச்சேன். உன் மணிக்கட்டு..."

கணவன் முறித்த கை. உள்ளே இன்னும் தகடு இருக்கிறது.

"நெனச்சு?"

"மாத்தினா எழுந்து வந்து திட்டுவா. எனக்குக் கால்மாடு. சின்ன வயசுலேர்ந்தே கேக்குல பெரிய துண்டு உனக்குத்தானே."

தலைப்பக்கமும் கால்பக்கமும் ஒரே வேகத்தில் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டி சரிந்துவிடும். பாதியில் மணிக்கட்டு விண்ணென்று தெறித்தது. கயிறு உள்ளங்கையில் கொஞ்சம் வழுக்கியது. எதிரே கிரேக் குழியைப் பார்க்கவில்லை. அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மெதுவா விடுக்கா. உன் கையைப் பார்த்துத்தான் நான் விடுறேன்."

பெட்டி சரியாமல் தரையைத் தொட்டது. எல்லோரும் கயிற்றைக் குழிக்குள் போட்டார்கள். கடைசியாக மெய்ரியும் போட்டாள்.

மறுநாள் காலை ஒன்பதுக்கு அவள் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"ஏதாவது சொல்லு," என்றார் நோரா.

மெய்ரி திரும்பினாள். பெஞ்சில் கிரேக், பஸ் ஓட்டும் சீருடையோடு, நீட்டிய கால்களால் வழியை அடைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"காலை மடக்குடா," என்றாள். "ஆளுங்க போக வேணாமா?"